கிக் காணாமல் போன இரவு: ஒரு டி.ஜே. ஹெட்ஃபோன் கேபிள் மூன்று முறை முறிந்த நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வு ஒரே ஒரு ஹெட்ஃபோனைப் பற்றியது. காதை முழுவதும் மூடும் கிண்ணங்கள், இடது கிண்ணத்திலிருந்து மட்டும் இறங்கும் பிரிக்க முடியாத சுருள் கேபிள், அதன் நுனியில் 3.5 மி.மீ. பிளக், அந்தப் பிளக்கின் மேல் திருகிப் பொருத்தும் 6.35 மி.மீ. அடாப்டர் என்று டி.ஜே. மேசைகளில் பரவலாகக் காணப்படும் அமைப்புதான் அது. பதினெட்டு மாதங்களில் அதன் கேபிள் மூன்று முறை முறிந்தது. மூன்று முறையும் நானே பழுது பார்த்தேன். முதல் இரண்டு முறை நான் செய்த பழுதுபார்ப்புதான் அடுத்த முறிவு எங்கே நிகழும் என்பதைத் தீர்மானித்தது. மூன்றாம் முறை கேபிளை அறுத்து உள்ளே பார்த்த பிறகே இது எனக்கு விளங்கியது. கேபிள் பழசாகிவிட்டதால் அறுந்தது என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடும் எவருக்கும் இந்த விவரங்கள் பயன்படும் என்று நம்புகிறேன். ஏனெனில், என் கேபிள் வயதால் அறுபடவில்லை.

கேபிளே இல்லாத ஹெட்ஃபோனுக்கு மாறிவிடலாமே என்ற கேள்விக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். நிமிடத்துக்கு 120 துடிப்பு உள்ள பாடலில் ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடையே 500 மில்லி விநாடிதான் இருக்கிறது. வழக்கமான புளூடூத் இணைப்பில் ஒலி வந்து சேர 100 முதல் 200 மில்லி விநாடி வரை தாமதமாவது சாதாரணம். ஒரு துடிப்பின் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து ஐந்தில் இரண்டு பங்கு வரை பின்தங்கிக் கேட்கும் ஒலியை வைத்துக்கொண்டு காதால் இரண்டு பாடல்களைப் பொருத்துவது இயலாத காரியம். ஆகவே, கியூ கேட்பதற்கு, அதாவது அடுத்த பாடலை ஹெட்ஃபோனில் மட்டும் முன்கூட்டியே கேட்பதற்கு, கேபிள்தான் இன்னும் நம்பகமான வழி. அதைக் காப்பாற்றுவது வேலையின் ஒரு பகுதி.

அன்றிரவு நடந்தது

மூன்றாவது முறிவிலிருந்தே தொடங்குகிறேன், அதுதான் என்னை ஏமாற்றியது. நான்கு மணி நேர நிகழ்ச்சியில் மூன்றாவது மணி நேரம் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த பாடலைக் கியூவில் போட்டேன். ஹை-ஹேட் ஒலித்தது, அகலமாகப் பரவும் சிந்தசைசர் ஒலித்தது, பாடகியின் குரலைத் தொடர்ந்து வரும் எதிரொலியும் தேய்ந்து தேய்ந்து கேட்டது. ஆனால் குரலைக் காணோம். துடிப்பைக் கொடுக்கும் பெரிய டிரம்மான கிக்கையும் காணோம். ஒலி எந்தப் பக்கமும் முழுதாக அறுபடவில்லை. இரண்டு காதிலும் ஏதோ ஒன்று கேட்டுக்கொண்டே இருந்தது. அதனால் கேபிள் போய்விட்டது என்ற எண்ணமே எனக்கு வரவில்லை.

பாடல்களைக் கலக்கும் கருவியான மிக்சரில், முந்தைய பாடலுக்கு அந்தச் சானலில் பேஸைக் குறைத்து வைத்ததை மறந்துவிட்டேன் போலும் என்று நினைத்து, பேஸைக் கூட்டும் லோ திருகை வலப்பக்கம் திருப்பினேன். மாற்றமில்லை. இன்னும் திருப்பினேன். அப்போதும் கிக் வரவில்லை. பாடல் கோப்பிலேயே கோளாறு இருக்கலாம், ஆனாலும் நேரமில்லை என்று துணிந்து, பாடலை அரங்குக்கு அனுப்பும் ஃபேடரை உயர்த்தியபோது, அளவுக்கு மீறி ஏற்றப்பட்ட பேஸ் அரங்கத்தின் சப்வூஃபர்களில் இடித்தது. நான் திருகைக் கீழே இழுப்பதற்குள் இரண்டு மூன்று விநாடி கடந்துவிட்டது. ஆடிக்கொண்டிருந்தவர்கள் நின்று மேடையைப் பார்த்தார்கள். பெரும்பாலான மிக்சர்களில் கியூ ஒலி ஈக்வலைசருக்கு (லோ போன்ற திருகுகளின் தொகுதி) பிறகும் ஃபேடருக்கு முன்பும் எடுக்கப்படுகிறது. எனவே, திருகைத் திருப்பியும் ஹெட்ஃபோனில் பேஸ் ஏறவில்லை என்றால் குறை திருகில் இல்லை, அதற்கு அப்பால் இருக்கிறது என்பதை நான் அங்கேயே உணர்ந்திருக்க வேண்டும்.

பிறகு ஸ்ப்ளிட் கியூவுக்கு மாறிப் பார்த்தேன். இடது காதில் அடுத்த பாடலும் வலது காதில் ஓடும் பாடலும் தனித்தனியாகக் கேட்க வேண்டிய அந்த நிலையில், இரண்டு காதிலும் இரண்டு பாடல்களும் கலந்தே கேட்டன. மிக்சரே பழுதாகிவிட்டது என்று முடிவு கட்டும் தறுவாயில், காதுக்குப் பின்னால் தள்ளியிருந்த இடது கிண்ணத்தை முன்னுக்கு இழுத்தேன். ஒரே ஒரு கணம் கிக் திரும்ப வந்து, மறுபடி போயிற்று. கிண்ணம் அசைந்தால் ஒலி மாறுகிறது என்றால் குறை கேபிளில்தான். அன்று மீதி நேரத்தைக் கிண்ணத்தருகே கேபிளை இரு விரலால் பிடித்தபடியே ஓட்டினேன்.

கிக் மட்டும் ஏன் மறைந்தது?

ஸ்டீரியோ பிளக்கில் மூன்று தொடுபகுதிகள் உண்டு. நுனி இடது காதுக்கு, நடு வளையம் வலது காதுக்கு, அடிப்பகுதியான ஸ்லீவ் இரண்டுக்கும் பொதுவான திரும்பு பாதைக்கு. என் ஹெட்ஃபோனில் இருப்பதுபோல் மூன்று கம்பிகள் மட்டுமே உள்ள கேபிளில், அந்தப் பொதுக் கம்பி அறுந்தால் இடது, வலது டிரைவர்கள் (கிண்ணங்களுக்குள் ஒலி எழுப்பும் பகுதிகள்) ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரில் மாட்டிக்கொள்கின்றன. அப்போது அவற்றின் வழியே ஓடுவது இடது ஒலிக்கும் வலது ஒலிக்கும் இடையிலான வேறுபாடு மட்டுமே. இரண்டு பக்கமும் ஒரே அளவில் பதிவான ஒலி தன்னைத்தானே கழித்துக்கொண்டு மறைந்துவிடும். கிக், பேஸ், முன்னணிக் குரல் ஆகிய மூன்றையும் ஒலிக்கலவையில் நடுவில் வைப்பதே வழக்கம் என்பதால் அவைதாம் முதலில் காணாமல் போகின்றன. பக்கங்களில் பரவியிருக்கும் எதிரொலியும் சிந்தசைசரும் எஞ்சுகின்றன. ஸ்ப்ளிட் கியூவில் இரண்டு பாடல்களும் கலந்து கேட்டதற்கும் இதுவே காரணம்.

ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித் திரும்பு கம்பி வைத்த நான்கு கம்பிக் கேபிள்களில் இப்படி நேராது. ஒரு பக்கம் அப்படியே அமைதியாகிவிடும். அது தெளிவான அறிகுறி, உடனே புரிந்துவிடும். மூன்று கம்பிக் கேபிள் வைத்திருப்பவர்கள், குரலும் கிக்கும் ஒருசேர மறைந்தால் மிக்சரைத் தொடுவதற்கு முன் கேபிளைச் சந்தேகிக்க வேண்டும் என்று அழுத்திச் சொல்வேன்.

முன் வரலாறு

முதல் முறிவு பிளக்கருகே நிகழ்ந்தது. நான் பயன்படுத்திய மிக்சரில் ஹெட்ஃபோன் துளை மேல்தட்டில் இருந்தது. 3.5 மி.மீ. பிளக்கும் அடாப்டரும் சேர்ந்து அந்தத் துளையிலிருந்து ஒரு விரல் நீளத்துக்கு நிமிர்ந்து நிற்கும். கேபிள் அதன் உச்சியிலிருந்து பக்கவாட்டில் சரிந்து விழும். கை போகிற போக்கில் அதில் இடிக்கும், கேபிளின் எடை அதை எப்போதும் ஒரே பக்கமாகச் சாய்க்கும். 6.35 மி.மீ. பிளக் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொலைபேசி இணைப்பகப் பலகைகளுக்காகத் தோன்றியது. நேராகச் செருகி நேராக உருவுவதே அதன் பயன்பாடு. பக்கவாட்டு விசையைத் தாங்கிக்கொண்டு மணிக்கணக்கில் நிற்பதற்கு அது உருவானதல்ல. அடாப்டர் வேறு சேர்ந்துவிட்டால் நெம்புகோலின் கை நீள்கிறது. அதே இடிக்கு அடியில் விழும் விசை கூடுகிறது.

இடது ஒலி விட்டுவிட்டு வந்தது. பிளக்கை அசைத்தால் வந்தது, விட்டால் போனது. பிளக்கின் ரப்பர் கழுத்திலிருந்து கேபிளின்மேல் நான்கு சென்டிமீட்டர் நீளத்துக்கு இன்சுலேஷன் டேப்பை இறுக்கிச் சுற்றினேன். இழைகள் மீண்டும் தொட்டுக்கொண்டன, ஒலி நிலைத்தது, பிரச்சினை தீர்ந்தது என்று எண்ணினேன். ஏழாவது வாரத்தில் ஒலி முழுதாக நின்றது. இம்முறை முறிவு பழைய இடத்தில் இல்லை. டேப் முடிந்த இடத்தில், நான்கு சென்டிமீட்டர் தள்ளி இருந்தது.

அதுதான் இரண்டாவது முறிவு. டேப் சுற்றிய பகுதி குச்சிபோல் விறைத்திருந்தது, அதற்கடுத்த பகுதி இயல்பான மென்மையோடு இருந்தது. வளைவு முழுவதும் அந்த எல்லைக் கோட்டில் குவிந்துவிட்டது. டேப் வளைவைத் தடுக்கவில்லை, வேறிடத்துக்கு அனுப்பியது. இதை அப்போதே நான் புரிந்துகொண்டிருந்தால் மூன்றாவது முறிவு நேர்ந்திருக்காது. ஆனால் டேப் மட்டமான பொருள், உலோகப் பிளக் போட்டால் சரியாகிவிடும் என்றுதான் நினைத்தேன். கேபிளை அந்த இடத்தில் வெட்டி, அடாப்டர் தேவைப்படாத 6.35 மி.மீ. உலோகப் பிளக்கை, அதன் வால்பக்கம் ஸ்பிரிங் காப்போடு சால்டர் செய்தேன். பிளக்கில் இழுவையே விழக் கூடாது என்று மிக்சருக்கு அருகில் மேசையின் ஓரத்தில் கேபிளை வெல்க்ரோ பட்டையால் கட்டியும் வைத்தேன்.

பிளக்கைப் பொறுத்தவரை இது மிகச் சரியான வேலை; இன்றுவரை அந்த முனையில் கோளாறு இல்லை. ஆனால் கட்டிய இடத்திலிருந்து என் தலைவரை எஞ்சிய சுருள், நான் நிமிர்ந்து நின்றாலே முக்கால்வாசி விரிந்துவிடும் அளவுக்குக் குறுகிப்போனது. சுருள் கேபிள் ஒரு ஸ்பிரிங். விரிந்த நிலையில் அது ஓயாமல் இழுத்துக்கொண்டே இருக்கும். ஒரு முனை மேசையில் அசையாமல் கட்டுண்டதால், அந்த இழுவை முழுவதும் மறுமுனையான இடது கிண்ணத்துக்குப் போனது.

சோதனை

மறுநாள் மல்டிமீட்டரை எடுத்தேன். ஹெட்ஃபோனில் குறித்திருந்த மின்தடை 32 ஓம். பிளக் மாற்றிய அன்று நான் எழுதி வைத்திருந்த அளவுகள் இவை: நுனிக்கும் ஸ்லீவுக்கும் 31 ஓம், வளையத்துக்கும் ஸ்லீவுக்கும் 31 ஓம், நுனிக்கும் வளையத்துக்கும் 61 ஓம். இப்போது முதல் இரண்டு இடத்திலும் மீட்டர் திறந்த சுற்று, அதாவது மின்பாதை அறுந்திருக்கிறது, என்று காட்டியது. நுனிக்கும் வளையத்துக்கும் மட்டும் அதே 61 ஓம். இந்த ஒற்றைச் சோதனை போதும்: இடது கம்பியும் வலது கம்பியும் உயிரோடு இருக்கின்றன, பொதுக் கம்பி அறுந்திருக்கிறது.

மீட்டரின் எண்ணைப் பார்க்காமலும் இதைக் காதால் அறியலாம். மீட்டரின் ஊசிகளோ 1.5 வோல்ட் பேட்டரியில் இணைத்த இரு கம்பிகளோ பிளக்கில் ஒரு கணம் படும்போது கிண்ணத்தில் ‘டக்’ என்று ஓர் ஒலி எழும். நல்ல கேபிளில் நுனியையும் ஸ்லீவையும் தொட்டால் இடது கிண்ணம் மட்டும் தட்டும். என்னுடையதில் அப்படித் தொட்டபோது எதுவும் கேட்கவில்லை. நுனியையும் வளையத்தையும் தொட்டபோது இரண்டு கிண்ணமும் ஒன்றாகத் தட்டின. பேட்டரியைத் தொட்டுத் தொட்டு எடுக்க வேண்டும், பிடித்துக்கொண்டே இருக்கக் கூடாது.

இடத்தைக் கண்டுபிடிக்க, மீட்டரின் ஊசிகளை நுனியிலும் ஸ்லீவிலும் கவ்வி வைத்துவிட்டு, கேபிளை இரண்டு இரண்டு சென்டிமீட்டராக விரல்களுக்கு இடையே மெல்ல வளைத்துக்கொண்டு போனேன். பிளக் முனையில் அசைவில்லை. சுருள் நெடுகிலும் அசைவில்லை. இடது கிண்ணத்தின் ரப்பர் காப்பு முடியும் விளிம்பில் வளைத்தபோது எண் துள்ளியது. அந்த இடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு தடவியிருந்தாலே தெரிந்திருக்கும். மற்ற இடங்களில் கேபிள் வில்போல் வட்டமாக வளைகிறது. அங்கே மட்டும் காகிதத்தை மடித்ததுபோல் பட்டென்று மடிகிறது. உள்ளே எதிர்த்து நிற்கச் செம்பு இல்லை, உறை மட்டுமே இருக்கிறது.

வெளியிலிருந்து பார்த்தால் கிழிசல் இல்லை. உறையின் ஒரு பக்கத்தில் மயிரிழைபோல் வெளுத்த மடிப்புக்கோடு ஒன்று, அவ்வளவுதான். பிளேடால் உறையை நீளவாக்கில் கீறித் திறந்தேன். நடுவில் வெள்ளை நார், அதைச் சுற்றிச் சிவப்பு, பச்சை, செம்பு நிறம் என்று மூன்று கொத்து இழைகள். செம்பு நிறக் கொத்துதான் பொதுக் கம்பி. அதன் இழைகள் அத்தனையும் ஒரே கோட்டில், கத்தரியால் வெட்டியதுபோல் முறிந்து, முனைகள் கறுத்துக் கிடந்தன. அதற்குப் பக்கத்தில் பச்சைக் கொத்தில் மூன்று இழைகள் மட்டும் பிடித்துக்கொண்டிருந்தன. இன்னும் ஓரிரு நிகழ்ச்சிகளில் இடது கம்பியும் போயிருக்கும். வளைவின் உட்பக்கம் இருந்த சிவப்புக் கொத்தில் சேதமே இல்லை. அந்த மூன்று பச்சை இழைகளை விளக்கின் கீழ் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கேபிள் ஒரே நாளில் அறுபடுவதில்லை என்பதை அவை காட்டியதுபோல் வேறெதுவும் எனக்குக் காட்டியதில்லை.

காரணம்

செம்பை ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வளைத்தால் அந்த இடம் இறுகி, நெகிழ்ச்சியை இழந்து, நுண்விரிசல் விட்டு முறிகிறது. இதை உலோகச் சோர்வு என்பார்கள். எவ்வளவு கூர்மையாக வளைகிறது என்பதே இதில் முதன்மையானது. ஒரு தனி இழையின் விட்டத்தை அது வளையும் வட்டத்தின் விட்டத்தால் வகுத்தால், இழையின் மேற்பரப்பு ஏறத்தாழ எவ்வளவு நீட்டப்படுகிறது என்று தெரியும். 0.08 மி.மீ. இழை 40 மி.மீ. வட்டத்தில் வளைந்தால் அந்த நீட்சி 0.2 சதவீதம், அதே இழை 4 மி.மீ. வட்டத்தில் மடங்கினால் 2 சதவீதம். பத்து மடங்கு நீட்சி கூடும்போது, தாங்கும் மடிப்புகளின் எண்ணிக்கை பத்தில் ஒன்றாகக் குறைவதோடு நிற்பதில்லை. அதைவிட வெகுவாகச் சரிகிறது. கேபிளை அகலமாக வளைப்பவருக்கும் மடக்குபவருக்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

அடுத்தது எண்ணிக்கை. நான் ஒரு காதை மூடி, மற்றக் கிண்ணத்தைக் காதுக்குப் பின்னால் தள்ளிக் கேட்பவன். தள்ளிய கிண்ணம் இடது, அதாவது கேபிள் இறங்கும் கிண்ணம். அதைப் பின்னால் தள்ளும்போதெல்லாம் கிண்ணம் தன் அச்சில் திரும்பும், கேபிள் வெளியேறும் வாய் தோளெலும்பில் முட்டும், ரப்பர் காப்பின் விளிம்பில் கேபிள் மடியும். நான்கு மணி நேர நிகழ்ச்சியில் நான்கு நிமிடத்துக்கு ஒரு பாடல் மாற்றம் என்றால் 60 மாற்றங்கள். ஒவ்வொன்றுக்கும் தள்ளுவது ஒன்று, இழுப்பது ஒன்று என்று 120 அசைவுகள். ஐம்பது நிகழ்ச்சிகளில் 6,000 மடிப்புகள், அத்தனையும் ஒரே கோட்டில், அதுவும் சுருள் இழுத்துக்கொண்டிருக்கும்போது. எவரும் கேபிளை மிதிக்கவில்லை, எவரும் வெடுக்கென்று இழுக்கவில்லை.

மூன்று முறிவுகளையும் சேர்த்துப் பார்க்கையில் ஒரே இழை அவற்றின் ஊடே ஓடுகிறது. பிளக்கின் கழுத்து முடியும் இடம், டேப் முடியும் இடம், கிண்ணத்தின் ரப்பர் காப்பு முடியும் இடம் ஆகிய மூன்றுமே விறைப்பு முடிந்து மென்மை தொடங்கும் எல்லைகள். கேபிளை எங்கே கட்டினாலும், எங்கே விறைப்பாக்கினாலும் புதிதாக ஓர் எல்லை பிறக்கிறது. எனவே, எல்லையே இல்லாமல் செய்ய முடியாது. எல்லையைப் படிப்படியாக மென்மையாக்குவதும், அங்கே வளைவு கூர்மையாகாமல் பார்த்துக்கொள்வதும் மட்டுமே நம் கையில் உள்ளவை.

மூன்றாவது பழுதுபார்ப்பு

இடது கிண்ணத்தின் பஞ்சுறையைக் கழற்றி, திருகுகளை எடுத்து, டிரைவரின் பின்புறத்தைக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டேன். எந்த நிறம் எந்தப் புள்ளியில் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்று நம்புவது வீண். கேபிளில் சேதமான ஆறு சென்டிமீட்டரை வெட்டி எறிந்தேன். இத்தகைய இழைகளின்மேல் வார்னிஷ் பூச்சு உண்டு; அதை நீக்காமல் சால்டர் வைத்தால் ஒட்டியதுபோல் தோன்றும், மின்சாரம் ஓடாது. சால்டரிங் அயனை 400 டிகிரி செல்சியஸுக்கு அருகில் வைத்து, இழைமுனையை உருகிய சால்டர் துளிக்குள் சில விநாடி மூழ்கடித்துத் தேய்த்தால் பூச்சு கருகி விலகி, முனை வெள்ளியாக மின்னும். சால்டர் இழைகளுக்குள் மேலேறி ஊறினால் அந்தப் பகுதியும் குச்சியாகிவிடும். அதுவும் ஓர் எல்லை. ஆகையால் முனையில் மூன்று மில்லிமீட்டருக்கு மேல் ஏற விடவில்லை.

நடுவில் இருந்த நாரை வெட்டிவிடாமல், கிண்ணத்தின் உள்ளே இருந்த பிளாஸ்டிக் தூணில் சுற்றி முடிச்சிட்டேன். இழுவை வந்தால் அதை நார் தாங்கும். செம்பும் சால்டர் புள்ளிகளும் தளர்வாகவே இருக்கும். தொழிற்சாலையில் போட்டிருந்த முடிச்சைக் கேபிள் வெட்டும்போது இழந்துவிடுகிறோம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பிறகு வெளிப்புறத்தில், சூடாக்கினால் சுருங்கி இறுகும் மெல்லிய ஹீட் ஷ்ரிங்க் குழாய் இரண்டு: உள்ளே இருப்பது ஐந்து சென்டிமீட்டர், அதன்மேல் வருவது இரண்டரை சென்டிமீட்டர். கிண்ணத்தருகே இரண்டு அடுக்கு, அதற்கடுத்து ஓர் அடுக்கு, பிறகு வெறும் கேபிள். விறைப்பு இப்படிப் படிப்படியாக இறங்குவதால் வளைவு ஐந்து சென்டிமீட்டரில் பரவுகிறது. டேப்பும் சூட்டுப் பசையும் இந்த வேலையைச் செய்யா.

மூடும் முன் அளவெடுத்தேன்: 31, 31, 61. நாட்குறிப்பில் தேதியோடு எழுதி வைத்தேன்.

பழக்கங்களில் செய்த மாற்றங்கள்

பழுதுபார்ப்பைவிட இவையே முக்கியம். முதலாவது, பின்னால் தள்ளும் கிண்ணத்தை மாற்றினேன். இப்போது கேபிள் இறங்கும் இடது கிண்ணம் காதிலேயே இருக்கிறது, வலது கிண்ணத்தைத் தள்ளுகிறேன். பழகிய காதை மாற்றுவது எளிதன்று. இரண்டு மூன்று வாரம் துடிப்பைப் பொருத்துவதில் தடுமாறினேன். ஆனால் 120 அசைவுகளும் கேபிள் இல்லாத பக்கத்துக்குப் போய்விட்டன. இந்த மாற்றத்துக்கு ஒரு விலையும் உண்டு. இரு கிண்ணங்களையும் இணைத்துத் தலைப்பட்டை வழியே ஓடும் மெல்லிய கம்பி வலது கீலில் சற்றுக் கூடுதலாக முறுக்கப்படுகிறது. கீல் மடியும் திசைக்கு எதிராகக் கிண்ணத்தைத் திருகாமல் இருந்தால் அந்தக் கம்பி தாங்கும் என்பதே என் கணிப்பு. அதையும் கண்காணித்து வருகிறேன்.

இரண்டாவது, மேசையோரத்தில் கட்டுவதை விடவில்லை, கட்டும் அளவை மாற்றினேன். பிளக்குக்கும் கட்டுக்கும் இடையே ஒரு கைப்பிடி வட்டம் தளர்வு. கட்டுக்கும் தலைக்கும் இடையே, நான் ஒரு எட்டு பின்னால் நகர்ந்தாலும் சுருள் பாதிக்குமேல் விரியாத நீளம். அதற்கு நேர்க் கேபிள் நீட்டிப்பு ஒன்றைச் சேர்க்க வேண்டியிருந்தது. கேபிளை மார்புப் பக்கம் தொங்கவிடாமல் தோளுக்குப் பின்னால் விடுகிறேன். முன்பக்கம் தொங்கினால் சுருளின் வளையங்கள் ஃபேடர் முனைகளில் மாட்டிக்கொள்ளும்.

பிளக்கை உருவும்போது அதன் உடலைப் பிடித்தே உருவ வேண்டும், கேபிளை இழுக்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். செருகும் முன் ஹெட்ஃபோன் ஒலியளவைக் குறைப்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். பிளக் உள்ளே போகும்போது தொடுபகுதிகள் ஒன்றையொன்று ஒரு கணம் உரசி இணைவதால் வெடிப்பொலி எழும்.

பையில் வைக்கும் விதத்தில்தான் பெரும்பாலான கேபிள்கள் சிறுகச் சிறுகச் சாகின்றன. நிகழ்ச்சி முடிந்த களைப்பில் கேபிளைத் தலைப்பட்டையைச் சுற்றி இறுக்கிச் சுருட்டி, பிளக்கை இடுக்கில் சொருகிவிடுகிறோம். கிண்ணத்திலிருந்து வெளிவந்த அந்த முதல் சென்டிமீட்டரிலேயே கேபிள் எதிர்ப்பக்கம் மடிக்கப்பட்டு, அப்படியே பல நாள் கிடக்கிறது. நான் இப்போது கிண்ணத்தருகே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தளர்ந்த வளையம் விட்டுவிட்டு, மீதியைத் தனியே வட்டமாக அடுக்கி, வெல்க்ரோ பட்டையால் இறுக்காமல் கட்டுகிறேன். நேர்க் கேபிளை அடுக்கும்போது ஒரு வளையத்தை மேலிருந்தும் அடுத்ததைக் கீழிருந்தும் மாற்றி மாற்றிப் போட்டால் முறுக்கு ஏறாது. கேபிளின் விட்டத்தைப்போல் எட்டு மடங்குக்குக் குறைவான ஆரத்தில் எங்கும் வளைக்காமல் இருப்பதை எனக்கான விதியாக வைத்திருக்கிறேன். சுருள் கேபிளை ஆணியில் தொங்கவிடுவதும் கூடாது. தன் எடையாலேயே சுருள் இளகி, பிறகு கூடுவதில்லை.

வியர்வையைப் பற்றி ஒரு சொல். பி.வி.சி. உறையை மென்மையாக வைத்திருப்பது அதில் கலந்துள்ள நெகிழ்வுப்பொருள். தோலின் எண்ணெய்ப் பசையும் வெப்பமும் காலப்போக்கில் அதை வெளியேற்றி, உறையை விறைப்பாக்குகின்றன. சுத்தம் செய்கிறேன் என்று ஆல்கஹாலால் அடிக்கடி துடைத்தாலும் அதேதான் நடக்கும். ஈரத்துணியால் துடைத்து உலர்த்துவது போதும். ஐசோபுரொபைல் ஆல்கஹாலைப் பிளக்கின் உலோகத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும்.

கழற்றி மாற்றும் கேபிள்

இந்த ஆய்வைப் படித்த ஒரு நண்பர், கழற்றக்கூடிய கேபிள் உள்ள ஹெட்ஃபோன் வாங்கியிருந்தால் இத்தனை சிரமம் இல்லையே என்றார். பெருமளவு உண்மை. 1988இல் வந்த சென்ஹைசர் எச்டி 25 இன்றும் டி.ஜே. மேசைகளில் இருப்பதற்கு, கேபிள் முதல் கிண்ணம் வரை எதையும் கழற்றி மாற்ற முடிவது ஒரு பெரிய காரணம். பயனியர் எச்டிஜே-2000 கழற்றக்கூடிய மினி எக்ஸ்எல்ஆர் இணைப்பைக் கொண்டிருந்தது. ஆடியோ-டெக்னிகா தன் எம்50 வரிசையில் நிலையான கேபிளை விடுத்து, 2014இல் வந்த எம்50எக்ஸ் மாடலில் திருகிப் பூட்டும் 2.5 மி.மீ. இணைப்பை வைத்தது. மாற்றுக் கேபிள் ஒன்று பையில் இருந்திருந்தால் அன்றிரவு நான் ஒரு நிமிடத்தில் மீண்டிருப்பேன்.

ஆனால் கழற்ற முடிவதால் முறிவு நின்றுவிடாது. கேபிள் இணைப்பின் கழுத்தும் ஓர் எல்லைதான். அங்கும் அதே 120 மடிப்புகள் விழும். பூட்டும் இணைப்பு நிகழ்ச்சி நடுவே கழன்று விழாது. ஆனால் யாராவது கேபிளில் கால் தடுக்கினால் விட்டுக்கொடுக்காமல் தலையிலிருக்கும் ஹெட்ஃபோனையே இழுக்கும், அல்லது கிண்ணத்துக்குள் இருக்கும் சாக்கெட்டைப் பெயர்க்கும். பூட்டில்லாத இணைப்பு கழன்று தப்பிக்கும். மேசையோரத்தில் தளர்வோடு கட்டும் பழக்கம் உள்ளவருக்குப் பூட்டும் வகை பொருந்தும், கட்டாதவருக்குப் பூட்டில்லாததே பாதுகாப்பு என்பது என் கருத்து.

பின் கண்காணிப்பு

மூன்றாவது பழுதுபார்ப்புக்குப் பிறகு பதினான்கு மாதங்கள் கடந்துள்ளன. மாதம் ஒருமுறை மீட்டரில் மூன்று அளவுகளையும் எடுத்து, அளக்கும்போதே பிளக் கழுத்து, கட்டும் இடம், கிண்ண வாய் மூன்றையும் விரலால் வளைத்துப் பார்க்கிறேன். எண் துள்ளுகிறதா என்பதோடு, கேபிள் வட்டமாக வளைகிறதா, மடிகிறதா என்பதையும் குறிக்கிறேன். பதினோராம் மாதத்தில் வெல்க்ரோ கட்டிய இடத்தில் உறையின்மேல் மெல்லிய வெள்ளைக் கோடு தெரிந்தது. ஒவ்வொரு முறையும் ஒரே புள்ளியில் கட்டியிருக்கிறேன். மீட்டர் அளவில் மாற்றமில்லை, வளைவும் வட்டமாகவே இருந்தது. கட்டும் இடத்தைப் பத்து சென்டிமீட்டர் நகர்த்தி, பட்டைக்கும் கேபிளுக்கும் இடையே மென்மையான பஞ்சுத் துண்டு ஒன்றைச் சுற்றினேன். கடந்த வார அளவு: 31, 31, 61. வெள்ளைக் கோடு நீளவில்லை.